மாயர்கள் மாயமாகவில்லை: வரலாற்றுக் காணொளி தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்றைத் தமிழில் காணொளியாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். 'ஒரே இரவில் மாயமான மாயர்கள்' என்கிற மாதிரித் தலைப்புகளை இனி வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறோம். மத்திய அமெரிக்காவில் கல் நகரங்கள் கட்டிய அந்த மாயா மக்கள் எங்கும் போய்விடவில்லை. மாயா மொழிகள் பேசும் லட்சக்கணக்கானோர் இன்றும் குவாத்தமாலா, மெக்சிகோ, பெலிஸ் நாடுகளில் வாழ்கிறார்கள். சரிந்தது மாயா நிலப்பகுதியின் தெற்குத் தாழ்நிலத்தில் இருந்த நகரங்களின் அரசமுறை. அதுவும் ஊருக்கு ஊர் வெவ்வேறு ஆண்டில், ஒரு நூற்றாண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டு சரிந்தது.

இதைக் காட்டக் கல்வெட்டு ஆண்டுகளே போதும். மாயா அரசர்கள் நாள் பொறித்துக் கல் நட்டார்கள். நகரம் நகரமாகப் பார்த்தால், கடைசிக் கல்லின் ஆண்டு கோபானில் கி.பி. 822, திக்கலில் 869, தோனினாவில் 909. கோபானின் அந்தக் கடைசிப் பலிபீடத்தைக் கட்டாயம் காட்டுங்கள். ஒரு பக்கம் முழுதாகச் செதுக்கியிருக்கும். இன்னொரு பக்கம் தொடங்கிய கையோடு நின்றிருக்கும். மற்ற இரண்டும் வெறும் கல்.

காரணம் சொல்லும் இடத்தில்தான் பெரும்பாலான காணொளிகள் சறுக்குகின்றன. 'வறட்சி' என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடாதீர்கள். திக்கலில் ஆறு கிடையாது; ஆண்டில் நான்கைந்து மாதம் மழையும் கிடையாது. அதனால் முற்றங்களுக்குச் சுண்ணக்காரை பூசி, வாட்டம் கொடுத்து, மழைநீரைக் குளங்களுக்குத் திருப்பினார்கள். அங்கே ஒரு குளத்தில் படிகக் குறுமணலும் சியோலைட் என்ற கனிமமும் கொண்டு நீரை வடிகட்டியதற்குத் தடயம் கிடைத்திருக்கிறது. ஆனால் அரண்மனையை ஒட்டிய குளத்தின் அடிவண்டலில் இருந்தது பாதரசமும் நீலப்பச்சைப் பாசியின் தடயமும். சுவர்களுக்குச் சிவப்பு தந்த சாதிலிங்கம் என்ற பாதரசக் கனிமம் மழையில் அடித்துச் செல்லப்பட்டுக் குளத்தில் சேர்ந்தது. சமையல் கழிவு பாசிக்கு உரமானது. பாசியின் நஞ்சும் பாதரசமும் காய்ச்சினாலும் போகாது. மழை குறையக் குறைய நஞ்சின் செறிவு கூடும்.

காரைக்கும் விலை இருந்தது. சுண்ணாம்புக்கல்லை 800 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். அதற்கு எரிந்தது காடு.

மழை எவ்வளவு குறைந்தது? மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில் சிச்சன்கனாப் என்ற ஏரி வற்றியபோதெல்லாம் ஜிப்சம் என்ற கனிமம் படிந்தது. அந்தப் படிகங்களுக்குள் சிக்கிய நீரை ஆராய்ந்து 2018-ல் வெளியான ஆய்வு, ஆண்டு மழை 41 முதல் 54 சதவீதம் வரையும், உச்சத்தில் 70 சதவீதம் வரையும் குறைந்ததாகக் கணக்கிட்டது. ஆனால் கோபான் ஆற்றங்கரை ஊர். பலென்கே என்ற நகரில் ஊருக்குள்ளேயே நீரோடைகள். அவையும்தான் காலியாயின. தோஸ் பிலாஸ் என்ற நகரில் 761 வாக்கில், அரண்மனைக் கற்களையே பெயர்த்து அவசர மதில் எழுப்பியிருக்கிறார்கள். போரும், மழைக்கும் விளைச்சலுக்கும் பொறுப்பேற்ற அரசன் மீது நம்பிக்கை போனதும் வறட்சியோடு சேர்ந்தே வேலை செய்தன என்பதே எங்கள் கருத்து.

'மாமுனி மயன்தான் மாயர்' என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். அது ஒலி ஒற்றுமை மட்டுமே. கல்வெட்டோ மரபணுவோ மொழியோ அதற்குத் துணை நிற்கவில்லை.

கதையை 900-த்தோடு நிறுத்தாதீர்கள். தெற்கு காலியான வேளையில் வடக்கே யுகட்டானில் சிச்சென் இட்சா என்ற நகரம் ஓங்கியது. அதற்குப் பின் மாயப்பான் 15-ஆம் நூற்றாண்டு வரை தலைநகராக இருந்தது. 1562-ல் பாதிரியார் தியேகோ தே லாந்தா மானி என்ற ஊரில் மாயா நூல்களைக் கொளுத்தினார். இன்று எஞ்சியவை நான்கே. ஏரித்தீவில் இருந்த கடைசித் தனியரசு நோஹ்பெத்தேன் 1697-ல்தான் ஸ்பானியரிடம் வீழ்ந்தது.

முகப்புப் படத்துக்குக் காடு மூடிய பிரமிடு வேண்டாம். ஒரு மாயா வீட்டு அடுப்பைக் காட்டுங்கள். ஒரு கிலோ மக்காச்சோளத்துக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு, 3 லிட்டர் நீர். வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் கழன்றதும் அலசி அரைக்கிறார்கள். சுண்ணாம்பு சேராவிட்டால் சோளத்திலுள்ள நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் ஒட்டாது. திக்கலில் அரசர்கள் இருந்தபோதும் மாவு இப்படித்தான் அரைபட்டது.

இப்படிக்கு,
மாயா வரலாறு படித்து எழுதும் சிலர்