மவுஸைப் பிடுங்காதே

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் வங்கிக் கிளையில் எல்லோரிடமும் கொடுக்கப் போவதாகச் சொன்ன, கம்ப்யூட்டரில் வேலை செய்ய எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று அளக்கும் கேள்வித்தாளை வாசித்தேன். கோம்போ, ஹிக்கின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1995ல் தயாரித்தது என்று கீழே போட்டிருந்தது. கூட இருந்து சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால் இந்த வேலையை முடிப்பீர்களா, சிக்கிக்கொண்டால் யாரையாவது கூப்பிடலாம் என்றால் முடிப்பீர்களா என்ற மாதிரி பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் பத்து வரை தன் நம்பிக்கைக்குத் தானே மார்க் போட வேண்டும்.

நல்ல கேள்விகள்தான். ஆனால் இது ஒருவருக்கு என்ன தெரியும் என்று கேட்கவில்லை, தன்னால் முடியும் என்று அவர் நினைக்கிறாரா என்று கேட்கிறது. ரெண்டும் வேறு.

வங்கிகளில் கம்ப்யூட்டரைக் கொண்டுவருவது பற்றி ரங்கராஜன் குழு அறிக்கை கொடுத்தது 1984ல். வேலை போய்விடும் என்று சங்கங்கள் எதிர்த்து, பேசி, ஒப்பந்தம் போட்டு, கம்ப்யூட்டர் மெல்லத்தான் உள்ளே வந்தது. எங்கள் கிளைக்கு முதலில் வந்தது ஏஎல்பிஎம், அதாவது லெட்ஜர் கணக்கைப் பதியும் மெஷின். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் அந்த ஏசி அறைக்குள் போக வேண்டும், ஏதோ சன்னதி மாதிரி. தூசி படக்கூடாதாம். அப்படித் தள்ளி நின்று கும்பிட வைத்த பொருளை, அப்புறம் ஒரு நாள் ஆளுக்கொன்றாக மேஜையில் வைத்து 'தட்டு' என்றால் யாருக்குக் கை வரும்? 2000-01ல் அரசு வங்கிகளில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் விஆர்எஸ் என்ற விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். ஆளுக்கொரு காரணம் இருந்திருக்கும். எங்கள் கிளையில் போனவர்களில் சிலருக்குக் காரணம் அந்தப் பெட்டிதான்.

எங்கள் ஹெட் கேஷியர் போகவில்லை. கள்ள நோட்டைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம், விரல் பட்டாலே சொல்லிவிடுவார். கையெழுத்து மாறியிருந்தால் மாதிரிக் கையெழுத்து உள்ள ஸ்பெசிமன் கார்டை எடுக்கும் முன்பே நெற்றி சுருங்கிவிடும். அவரே, எல்லாக் கிளைகளையும் கம்ப்யூட்டரில் இணைக்கும் கோர் பேங்கிங் வந்த பிறகு ஒரு விரலால் தட்டிவிட்டு, என்டர் அடிக்கும் முன் அக்கம்பக்கம் பார்ப்பார். எதிரே வரிசையில் யாராவது 'சீக்கிரம் சார்' என்றால் போதும், தெரிந்த எழுத்துகூடக் கீபோர்டில் கிடைக்காது. பக்கத்துச் சீட்டுப் பையன் எழுந்து வந்து மவுஸை வாங்கி டக்டக்கென்று முடித்துவிட்டுப் போவான். உதவிதான். ஆனால் சாருக்கு வேலையும் வரவில்லை, பயமும் போகவில்லை. பையனின் கவுண்டரிலோ கூட்டம் நின்றது. கடைசியில் தன் பாஸ்வேர்டையே அவனிடம் சொல்லிவிட்டார். ஒருவர் என்ட்ரி போட்டு இன்னொருவர் அதைச் சரிபார்த்துப் பாஸ் பண்ணும் ஏற்பாடே வங்கிக்குக் காவல். பாஸ்வேர்டு கை மாறினால் யார் போட்டது, யார் பாஸ் பண்ணியது என்று எப்படிச் சொல்வது? திருட்டு நடக்கிற இடம் அதுதான்.

அப்போது வந்த மேனேஜர் கெட்டிக்காரி. சாரைப் பயிற்சிக்கு அனுப்பவில்லை. கவுண்டர் மூடிய பிறகு, வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்தில், அன்றைய சலான்களில் கொஞ்சத்தை அவரிடம் கொடுத்து என்ட்ரி போடச் சொன்னார். தப்பு வந்தால் பாஸ் பண்ணும்போது பிடித்துக்கொள்ளலாம். பையனிடம் மட்டும் ஒரு கண்டிப்பு: வாயால் சொல்லலாம், கை வைக்கக்கூடாது. சார் ஒரு பழைய டைரியில் எந்த வேலைக்கு எந்த ஸ்கிரீன் நம்பர் என்று எழுதி வைத்துக்கொண்டார். வேகம் பையன் அளவுக்கு வரவே இல்லை. ஆனால் அவர் போட்ட என்ட்ரி திரும்பி வந்ததும் அபூர்வம்.

அதனால்தான் சொல்கிறேன், பத்துக்குப் பத்து போடுகிறவர்கள் மேலும் ஒரு கண் வை. ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போகிறவர்கள் அந்த ரகம்தான்.

இன்னொன்று, அந்தத் தாளில் பெயர் எழுதச் சொல்லாதே. மேனேஜர் கையில் போகிற தாள் என்று தெரிந்தால் ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருக்கிறவர் உண்மையாக மூன்று என்று போடுவாரா? நிச்சயம் எட்டுதான்.

பொங்கலுக்கு வரும்போது எனக்கும் ஒரு பிரதி கொண்டு வா. உன் அப்பாவிடம் நிரப்பச் சொல்ல வேண்டும். கரண்ட் பில் கட்ட இன்னும் போனை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அன்புடன்,
அம்மா