மூடுன பெட்ரோல் பங்க்குக்கு அடியில இருக்கற தண்ணியப் பாருங்க

மதுரை மாவட்ட கலெக்டர் அவர்களுக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு தெருவுல இருந்து எழுதுறேன். எங்க தெரு முக்குல ரொம்ப காலமா ஒரு பெட்ரோல் பங்க் இருந்துச்சு, அத மூடி பல வருஷம் ஆச்சு, மெஷினக் கழட்டிட்டுப் போய்ட்டாங்க, கூரையும் பிரிச்சாச்சு, இப்ப அங்கிட்டு லாரி நிப்பாட்டுறாங்க. ஆனா கீழ பொதைச்ச டேங்க்க எடுத்தாங்களா, இல்ல அப்படியே மணலப் போட்டு நெரப்பிட்டாங்களா, அடி மண்ண டெஸ்ட் பண்ணாங்களான்னு கேட்டா தெருவுல ஒருத்தருக்கும் தெரியல.

போன ஐப்பசி மழை பேஞ்சு தண்ணி மேல ஏறுனப்ப எங்க மதினி வீட்டு போர் தண்ணியில பெட்ரோல் வாசனை. பக்கெட்டுல புடிச்சு வச்சா மேல வர்ணம் வர்ணமா மினுங்குது. அந்தத் தண்ணியிலதான் கைப்புள்ளைய குளிப்பாட்டிட்டு இருந்தாங்க. பதறிப்போய் ஒரு லேப்ல குடுத்தோம், டிடிஎஸ், கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட் எல்லாம் பாத்து குடிக்கலாம்னு ரிப்போர்ட் குடுத்துட்டாங்க. பெட்ரோல்ல இருக்கற பென்சீன்னு ஒரு பொருள அவங்க பாக்கவே இல்ல, சாதாரண தண்ணி டெஸ்ட்ல அது கெடையாதுன்னு பிறகுதான் தெரிஞ்சுச்சு. அப்புறம் சித்திரையில ரெண்டு பேர் பாக்க வந்தாங்க, மோந்து பாத்தாங்க, ஒன்னும் இல்லையேன்னு கெளம்பிட்டாங்க. அன்னைக்கு உண்மையிலேயே வாசனை இல்லங்க. அதத்தான் நான் சொல்ல வர்றேன், ஒரு நாள் வந்து பாத்து முடிக்கிற விஷயம் இல்ல இது.

பெட்ரோல் தண்ணிய விட லேசு, அதனால டேங்க்ல இருந்தோ பைப்ல இருந்தோ ஒழுகுனது நிலத்தடி தண்ணி மேல மெதந்து நிக்கும். மழைக்கு தண்ணி ஏறும்போது அதுவும் ஏறும், கோடையில எறங்கும்போது வழியில இருக்கற மண்ணுல அப்பிக்கிட்டே எறங்கும், அடுத்த மழைக்கு அந்த மண்ணுல இருந்து மறுபடியும் கரையும். டேங்க்க எடுத்துட்டாலும் அந்த மண்ணு அங்கயேதான் இருக்கு. வண்டியூர் கண்மாய் நெறைஞ்சு கெடக்கற மாசத்துல எடுத்த தண்ணியும் வைகாசியில எடுத்த தண்ணியும் ஒரே கதைய சொல்லாது.

பென்சீன் ரத்தப் புற்றுநோய உண்டாக்குற பொருள். குடிதண்ணியில லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இப்ப விக்கற பெட்ரோல்ல அது 1 சதவீதம் வரைக்கும் இருக்கலாம், அந்தக் காலத்து பெட்ரோல்ல இன்னும் ஜாஸ்தி. கணக்கு போட்டுப் பாத்தேன், 1 லிட்டர் பெட்ரோல்ல இருக்கற பென்சீன் மொத்தமும் கரைஞ்சா 8 லட்சம் லிட்டர் தண்ணிய அந்த அளவுக்குக் கொண்டு போயிரும், 12,000 லிட்டர் தண்ணி லாரியில 66 லோடு. மூக்குக்கு வாசனை தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே அளவு தாண்டிருக்கும், அதனால வாசனை இல்லன்னா நல்ல தண்ணின்னு சொல்லவே முடியாது. காய்ச்சிக் குடிங்கன்னு சிலபேரு சொல்றாங்க, காய்ச்சுனா அது ஆவியாகி அடுப்படியிலதான் நிக்கும், அத மூச்சுல இழுக்குறது யாரு?

இன்னொன்னு, நம்ம ஊர் நெலம் மணல் இல்ல. கொஞ்ச ஆழத்துலயே பாறை வந்துரும், தண்ணி அந்தப் பாறை வெடிப்பு வழியாதான் ஓடுது. அதனால பக்கத்து வீட்டு போர் நல்லா இருக்கும், நாலு வீடு தள்ளி இருக்கறது கெட்டுப் போயிருக்கும். அதோட வீட்டு போர்ல மேல கேசிங் பைப் எறக்கி அடைச்சிருவாங்க, தண்ணி கீழ இருந்துதான் வரும், மேல மெதக்குறது அதுல சிக்காமலே போகலாம். அதுக்குத்தான் தனியா கண்காணிப்பு போர், அதாவது தண்ணிய டெஸ்ட் பண்ண மட்டும் போடுற போர் கேக்குறோம், பழைய பங்க் இடத்தச் சுத்தி கொறைஞ்சது 3, தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரிஞ்சுக்கவே 3 வேணும். தண்ணி மட்டம் ஏறி எறங்குற ஆழம் முழுக்க ஓட்டை போட்ட பைப்பா இருக்கணும். சாம்பிள தயவுசெஞ்சு பிளாஸ்டிக் கேன்ல புடிக்காதீங்க, கண்ணாடி பாட்டில்ல காத்துக் குமிழி இல்லாம விளிம்பு வரைக்கும் நெரப்பி ஐஸ் பெட்டியில கொண்டு போகணும், இல்லன்னா பென்சீன் வழியிலயே பறந்துரும், ரிப்போர்ட் சுத்தம்னு வந்துரும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு வருஷமாவது.

2020 ஜனவரியில மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் புது பங்க் வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரில இருந்து 50 மீட்டர் தள்ளி இருக்கணும், இடம் இல்லன்னா கூட 30க்குக் கொறையக்கூடாதுன்னு சொல்லுச்சு. நல்லது. ஆனா அதுக்கு முன்னாடியே வந்து மூடியும் போனது எத்தனை? 2011ல மாநகராட்சி 72 வார்டுல இருந்து 100 ஆச்சு, அன்னைக்கு ஊருக்கு வெளிய இருந்த பங்க்கெல்லாம் இன்னைக்கு வீடுகளுக்கு நடுவுல. மாவட்டத்துல மூடுன பங்க் அத்தனைக்கும் ஒரு லிஸ்ட் எடுத்து வெளியிடுங்க, டேங்க் உள்ள இருக்கா எடுத்தாச்சாங்கறதோட. சென்னை தண்டையார்பேட்டையில 2013ல போர் தண்ணியில எண்ணெய் வந்த பிறகுதான் பைப்லைன் கசிவு வெளிய தெரிஞ்சுச்சு, இங்கயும் அப்படித்தான் தெரியணுமா?

ரிப்போர்ட் வந்தா வார்டு ஆபீஸ் போர்டுல தமிழ்ல ஒட்டுங்க. அதுவரைக்கும் எங்க தெருவுக்குக் குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணி விடுங்க. இந்த ஐப்பசி மழைக்கு முன்னாடி அந்த 3 போரையும் போட்ருங்க, பழைய டேங்க் மூடி எங்கிட்டு இருந்துச்சுன்னு எங்க தெருப் பெரியவங்களுக்குத் தெரியும், எந்த நாள் வந்தாலும் கூட வந்து இடத்தக் காட்டுறோம்.