ஆசிரியருக்குக் கடிதம்: புத்திமதிக்கு முன் பிள்ளையின் தூக்கத்தைக் கேளுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் பத்திரிகைகளில் மாதிரி வினாத்தாள்களும் தன்னம்பிக்கைக் கட்டுரைகளும் வரிசை கட்டும். மலையகப் பாடசாலைகளுக்குப் பேச்சாளர்கள் வந்து "உன்னால் முடியும்" என்று ஒரு மணி நேரம் முழங்கிவிட்டுப் போவார்கள். கைதட்டிய பிள்ளை மறுநாள் முதற்பாடத்திலேயே மேசையில் தலை சாய்க்கும். பதின்ம வயதினரின் மனநலத்தைப் பற்றிப் பேச வருகிற எவரும், அந்தப் பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறது, காலையில் என்ன சாப்பிடுகிறது என்ற இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும் என்பது எங்கள் கருத்து.

13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பாடசாலை காலை 7.30க்குத் தொடங்குகிறது. தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து (மேற்பிரிவிலிருந்து) இறங்கி வந்து பஸ் பிடிக்கிற பிள்ளை 5 மணிக்கே எழும்பியாக வேண்டும். அப்படியானால் இரவு 9 மணிக்குக் கண்ணயர வேண்டும். ஆனால் பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் சுரப்பு முன்பைவிடப் பிந்தித்தான் தொடங்குகிறது. பலருக்குப் பத்தரை, பதினொன்றுக்கு முன் தூக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. "ராத்திரி முழிச்சிருந்து காலையில எழும்ப மாட்டேங்குது, சோம்பேறி" என்று ஏசுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயக் காம்பராவில் சிக்கல் இன்னும் கூடும். முன்னறையில் தொலைக்காட்சி நாடகம் முடிந்து விளக்கணையும்வரை படிக்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. ஆகவே தூக்க நேரம் என்பது பிள்ளை மட்டும் எடுக்கிற முடிவல்ல; வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுக்க வேண்டியது.

எழும்பும் நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள், படுக்கும் நேரம் பின்னாலேயே வரும். சனி, ஞாயிறுகளில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்தி எழும்பினால் திங்கட்கிழமை உடம்பு மறுபடியும் முதலிலிருந்து பழக வேண்டிவரும். காலை வெளிச்சம் 20 நிமிடமாவது கண்ணில் பட வேண்டும். நடந்து போகிற பிள்ளைக்கு அது தானாகவே கிடைத்துவிடும். பகல் தூக்கம் போட்டால் பிற்பகல் 4 மணிக்கு முன், 20 நிமிடத்தோடு நிறுத்த வேண்டும். போன் தலைமாட்டில் இருக்கக் கூடாது. எழும்புவதற்கு அலாரம் வேண்டும் என்பதுதான் எல்லாப் பிள்ளைகளும் சொல்லும் காரணம். சாதாரண அலாரம் மணிக்கூடு ஒன்று வாங்கிக் கொடுத்தால் அந்தப் பேச்சு முடிந்தது. படுத்து 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் புரண்டு கிடக்காமல் எழும்பி, மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான ஏதாவதொன்றைச் செய்துவிட்டு மீண்டும் படுக்கலாம். படுக்கையில் கிடந்தே கவலைப்பட்டுப் பழகினால், படுக்கையைக் கண்டாலே கவலை வரும் நிலைக்கு மூளை போய்விடும்.

அடுத்தது தேநீர். தேயிலை மலையில் குடியிருந்துகொண்டு தேநீரைக் குறைசொல்வது யாருக்கும் ருசிக்காதுதான். குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, எப்போது குடிப்பது என்பதுதான் கேள்வி. தேநீரிலுள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகிறது. இரவு 8 மணிக்கு "படிக்கிற பிள்ளைக்கு" என்று போட்டுக் கொடுக்கிற சாயம் கூடிய பிளேன் டீ, நள்ளிரவுக்குப் பிறகும் வேலை செய்துகொண்டிருக்கும். பிற்பகல் 3 மணிக்குப் பிறகு பிள்ளைக்குத் தேநீர் இல்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது காரணம் இரும்புச்சத்து. கோதுமை மா ரொட்டியோடும் பருப்போடும் சேர்த்துத் தேநீர் குடித்தால், அதிலுள்ள டானின் உணவின் இரும்பைப் பிணைத்து உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடித்தால் பெரும்பாலான பாதிப்பைத் தவிர்க்கலாம். சம்பலில் தேசிக்காய் பிழிவதும், ஒரு கொய்யாவோ நெல்லியோ சேர்ப்பதும் இரும்பு உடம்பில் சேர உதவும்.

மனநலக் கடிதத்தில் இரும்புச்சத்துக்கு என்ன வேலை? மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் இரும்பு தேவை. அது போதாமல் போனால் களைப்பு, எரிச்சல், கவனச் சிதறல், மேட்டில் ஏறும்போது மூச்சிரைப்பு என்று வரும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது "படிப்பில் அக்கறையில்லை" என்றோ "மனம் சரியில்லை" என்றோ தெரியும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் சிவப்பு குறைந்து வெளிறியிருக்கலாம். ஆனால் உறுதிப்படுத்துவது இரத்தப் பரிசோதனைதான். 15 வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழேயும், ஆண் பிள்ளைக்கு 13 கிராமுக்குக் கீழேயும் இருந்தால் இரத்தச்சோகை. இரும்பு மாத்திரை கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். அது வழமையான விளைவு. வயிறு பிரட்டினால் சாப்பாட்டோடு கொடுக்கலாம். சத்து முழுதாகத் திரும்ப மாதக்கணக்காகும்.

பரீட்சைப் பதற்றத்துக்கு "ஆழமாக மூச்சு விடு" என்று எல்லோரும் சொல்கிறோம். அதைத் தவறாகச் செய்தால் நிலைமை மோசமாகும். பிள்ளை வாயால் பெரிது பெரிதாக, வேகமாக இழுக்கும். இரத்தத்தில் கரியமில வாயு குறையும். தலை சுற்றும், விரல் நுனி விறுவிறுக்கும், "எனக்கு ஏதோ ஆகப்போகுது" என்ற பயம் இரட்டிப்பாகும். சரியான முறை இது: ஒரு கையை வயிற்றில் வைத்து, மூக்கால் 4 எண்ணும்வரை மெதுவாக இழுக்க வேண்டும், நெஞ்சு தூக்காமல் வயிற்றுக் கை உயர வேண்டும். பின் 6 எண்ணும்வரை வெளியே விட வேண்டும். விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். இப்படி 5 நிமிடம். பரீட்சை மண்டபத்தில் முதல் தடவையாக முயன்றால் பலிக்காது. பதற்றமில்லாத நாட்களில், தினமும் ஒரே நேரத்தில் பழகியிருக்க வேண்டும்.

இவையெல்லாம் அன்றாடச் சிரமங்களுக்கு. இவற்றால் தீராத நிலையும் உண்டு. மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயும், பாதி 18 வயதுக்குள்ளேயும் தொடங்குவதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. இரண்டு வாரம் என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாட்களில் சோர்வு, விருப்பமான விளையாட்டையும் கூட்டாளிகளையும் விட்டு ஒதுங்குதல், பசியிலும் தூக்கத்திலும் பெரிய மாற்றம், "நான் ஒன்னுக்கும் உதவாதவன்" என்ற பேச்சு ஆகியன இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் போக வேண்டும். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிந்து விழுவதாகவே அடிக்கடி வரும். பாடசாலை நாட்களில் மட்டும் வருகிற வயிற்று வலியையும் நடிப்பென்று தள்ள வேண்டாம். அந்த வலி உண்மையானது.

பேச்சை எப்படித் தொடங்குவது? எதிரே உட்காரவைத்து விசாரித்தால் பிள்ளை வாய் திறக்காது. தண்ணீர் எடுக்கப் போகும்போதும் மரக்கறி வெட்டும்போதும் பக்கத்திலிருந்து பேச்சுக் கொடுங்கள். அம்மா வெளிநாட்டிலும் அப்பா கொழும்பிலும் இருக்க, அம்மாயியோ அப்பாயியோ வளர்க்கிற பிள்ளைக்கு, வாரத்தில் குறித்த நாளில் குறித்த நேரத்தில் வருகிற அழைப்பு பெரிய பிடிமானம். அந்த அழைப்பில் முதற்கேள்வி புள்ளிகளைப் பற்றியதாக இருக்க வேண்டாம். பிள்ளை உயிரை வெறுத்துப் பேசினால், "சாகணும்னு நினைப்பு வருதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உருவாகாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். மரக்கறித் தோட்டத்து மருந்துகளையும் வீட்டு மாத்திரைகளையும் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். பொலிசுக்குப் போகும் என்று பயந்து மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமில்லை.

அங்கொடை மனநல வைத்தியசாலையை நினைத்து "அங்கொடைக்கு அனுப்பிருவாங்க" என்று வருகிற பயமும் அப்படித்தான். கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய இடங்களின் பெரிய அரச வைத்தியசாலைகளிலேயே மனநலச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் கிளினிக்குக்குப் போய்விட்டு அன்றே வீடு திரும்புவார்கள். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுவது குடும்பத்தின் நம்பிக்கை. அதற்காகக் கிளினிக் திகதியைத் தள்ளிப்போடாமல் இருந்தால் சரி. போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரத் தூக்கம், பாடசாலைக்குப் போகாத நாட்கள், ஏற்கெனவே எடுக்கிற மருந்துகள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அடுத்த காம்பராக்காரரையும் கூட்டிப் போகாதீர்கள். வெளியே கதை பரவாது என்று பிள்ளை நம்புகிற ஒருவர் வேண்டும். மனச்சோர்வு மருந்து பலன் காட்டச் சில வாரங்களாகும். முதல் வாரங்களில் பிள்ளையை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். சுகமானதும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

பாடசாலைகளுக்கு ஒன்றே ஒன்று. ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருக்குக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை கொடுங்கள். ஆசிரியர் ஓய்வறையின் மூலையில் வைத்துக் கேட்டால் எந்தப் பிள்ளையும் உள்ளதைச் சொல்லாது.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். மாணவர் தற்கொலைச் செய்திகளில் எப்படி, எதைக் கொண்டு என்ற விவரத்தையும் பிள்ளையின் படத்தையும் கடிதத்தையும் வெளியிட வேண்டாம். "காதல் தோல்வி", "பரீட்சைத் தோல்வி" என்று ஒரே காரணத்தைத் தலைப்பில் போடவும் வேண்டாம். அதே நிலையிலிருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது வழிகாட்டியாகிவிடும். அந்த இடத்தில், 24 மணி நேரமும் இயங்கும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தையும், சிறுவர் உதவிக்கான 1929 இலக்கத்தையும் பெட்டி கட்டி, கண்ணில் படும்படி போடுங்கள்.

இப்படிக்கு,
பாடசாலை ஆலோசனை, சுகாதாரப் பணிகளில் ஈடுபட்டுள்ளோர்,
ஹட்டன்.