"நீ எந்தத் தெரு?": 9, 11ஆம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் சத்துணவு நேரத்தில் பார்த்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை தட்டோடு வந்து வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் சிரித்த முகத்தோடுதான் கேட்டாள்: "நீ எந்தத் தெரு?" இவள் சொன்னாள். கேட்டவள் தன் தட்டை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டாள். சண்டை இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. புதுப்பிள்ளை முட்டையைத் தொடாமலே எழுந்து போய்விட்டாள்.

தட்டைத் தள்ளி வைத்தவளைக் கூப்பிட்டு வைய எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கேள்வியை அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் பெரியவர்கள் கேட்பதைக் கேட்டுத்தான் பழகியிருக்கிறாள்.

நம் சீமையில் இது பழைய நோய். சேரன்மகாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதைக் கண்டித்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் குரல் எழுப்பி நூறு ஆண்டு ஆகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகளே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் சாதிக் கயிறும் நெற்றியில் சாதி அடையாளமும் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நம் பள்ளியில் கயிற்றை அவிழ்க்கச் சொல்கிறோம், பிள்ளைகளும் அவிழ்க்கிறார்கள். ஆனால் தட்டு நகர்ந்ததே, அதை எந்தச் சுற்றறிக்கையால் அவிழ்ப்பது?

அதனால்தான் இந்த முயற்சி. பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் இரண்டு விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடிகளை ஒரு மாதத்துக்கு இரவல் தந்திருக்கிறார்கள். கண்ணாடியை மாட்டினால் வேறோர் இடத்தில் நிற்பது போலவே இருக்கும். குனிந்து பார்த்தால் வேறொருவர் கை தெரியும். நாம் கையைத் தூக்கினால் அந்தக் கையும் தூக்கும். கொஞ்ச நேரத்தில் அது நம் கைதான் என்று மூளை நம்பத் தொடங்கிவிடும். பார்சிலோனாவில் மெல் ஸ்லேட்டர் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், வெளிர் நிறப் பெண்கள் இப்படிக் கறுப்பு உடம்பில் சில நிமிடம் இருந்தபின், அவர்களுக்கே தெரியாமல் உள்ளே கிடந்த நிற ஒதுக்கம் குறைந்திருந்தது. அதே நேரம், 2009இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் வேலை நேர்காணல் போன்ற காட்சியில் நடந்த ஆய்வில் அந்த ஒதுக்கம் கூடிப்போனது. ஆகவே கண்ணாடியை மாட்டிவிட்டால் மனசு மாறிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எந்தக் காட்சி, அதற்குப் பிறகு என்ன பேச்சு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்று. நம் ஊர்ச் சாதி தோலில் இல்லை. தெருவில் இருக்கிறது, டம்ளரில் இருக்கிறது, கேள்வியில் இருக்கிறது. எனவே நம் ஆசிரியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு டீக்கடைக் காட்சியைச் செய்திருக்கிறார்கள். முதலில் நான் போட்டுப் பார்த்தேன். கடைக்காரர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "தம்பி எந்தத் தெரு?" என்கிறார். பொம்மை மனிதர்தான், தெரியும். இருந்தும் நான், "பஸ் ஸ்டாப் பக்கம்ணே" என்று நழுவினேன். நம் பிள்ளைகளில் சிலர் இதே பதிலைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏன் சொல்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த பகுதி, பேசும் நிரல்: நாம் பேசினால் பதில் பேசும் கணினி நிரல். திரையில் ஒரு மாணவன் வருவான், கூட்டாளியைத் தெருப்பெயர் சொல்லிக் கேலி செய்வான். பக்கத்தில் நிற்கும் நம் பிள்ளை என்ன சொல்வது? சும்மா இருப்பதா, தடுப்பதா, ஆசிரியரிடம் வருவதா? தப்பாகச் சொன்னாலும் அங்கே யார் மனசும் புண்படாது, திரும்பவும் சொல்லிப் பார்க்கலாம். நிஜ வகுப்பில் அந்த வசதி கிடையாது.

அந்த நிரல் எதை வேண்டுமானாலும் பேசும்படி விடவில்லை. இணையத்தில் கிடக்கும் எழுத்தைப் படித்து வளர்ந்த நிரல்களுக்குள் அங்கே கிடக்கும் சாதிப் பேச்சும் வந்துவிடும். ஆகவே ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த பதில்களை மட்டுமே இது சொல்லும். இன்னொன்றையும் யோசித்தோம். 1966இல் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலிசா என்ற எளிய உரையாடல் நிரலை எழுதினார். அது வெறும் நிரல் என்று தெரிந்த அவருடைய செயலாளரே, அதோடு தனியாகப் பேசவேண்டும், நீங்கள் வெளியே இருங்கள் என்றாராம். நம் பிள்ளைகளும் யாரிடமும் சொல்லாததை இந்த நிரலிடம் சொல்லிவிடக்கூடும். அதனால் பேச்சு எதையும் பதிவு செய்யமாட்டோம். ஓர் ஆசிரியை எப்போதும் பக்கத்தில் இருப்பார்.

இதில் எனக்கு இருக்கும் பெரிய கவலை, அன்றாடம் இந்த ஒதுக்கத்தை அனுபவிக்கும் பிள்ளைகளைப் பற்றியது. அவர்களுக்கு இதைக் கண்ணாடி போட்டுக் காட்டவேண்டியதில்லை. வேண்டாம் என்கிற எந்தப் பிள்ளையும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். "உனக்கு நடந்ததைச் சொல்" என்று வகுப்பில் யாரையும் எழுப்பி நிறுத்தமாட்டோம். அதேபோல, பத்து நிமிடம் கண்ணாடி போட்டவன் "எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது" என்று சொன்னால் அதையும் விடப்போவதில்லை. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடக் காட்சிக்கு அரைமணி நேரப் பேச்சு உண்டு.

வலிப்பு வந்த பிள்ளைகள், பஸ்ஸில் போனால் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அவர்கள் கண்ணாடி போடவேண்டாம், பேசும் நிரல் மட்டும் போதும்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். பிள்ளை புதுச் சிநேகிதியைப் பற்றி வீட்டில் பேசும்போது, "அவ எந்தத் தெரு?" என்று கேட்காதீர்கள். என்ன பாடம் பிடிக்கும், என்ன விளையாடுவாள் என்று கேளுங்கள். பள்ளியில் நாங்கள் ஒரு மாதம் செய்வதை வீட்டில் அந்த ஒரு கேள்வி அழித்துவிடும்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள். நீங்களும் கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள், பிறகு ஒப்புதல் சீட்டில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் 6 மணி வரை எப்போது வந்தாலும் சரி. அப்பா அம்மா வரமுடியாத வீட்டில் தாத்தாவோ ஆச்சியோ வரட்டும். பெஞ்சும் தண்ணீரும் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
தலைமையாசிரியர்