பெற்றோர் சங்க ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, பெற்றோர் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சட்டப்படி சொல்ல வேண்டியதை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு இந்த ஆண்டில் ஆறு முறை கூடியது. தணிக்கை முடிந்துவிட்டது, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். வாசிக்கவில்லை, அவரவருக்கே தெரியும்.

இனி, அறிவுசார் குறைபாடு உள்ள நம் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் தங்கியிருக்கும் இல்லத்தைப் பற்றி.

நம் இல்லவாசிகளில் பேச்சு வராத ஒருவர், வயது நாற்பதைத் தாண்டியவர், போன ஆடி மாதத்தில் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தார். தட்டைத் தள்ளிவிட்டார். இரவில் கத்தினார். தினசரிப் பதிவேட்டில் அந்த நாட்களைப் புரட்டினால் ‘இன்று அடம்’, ‘இன்றும் அடம்’, ‘மிகவும் பிடிவாதம்’ என்றே இருக்கிறது. அமைதிப்படுத்தும் மாத்திரையின் அளவு கூட்டப்பட்டது. நாலு வாரம் கழித்துப் பார்க்க வந்த அவருடைய தங்கைதான் ஒன்றைக் கவனித்தார். சூடான சாம்பார் சாதத்தைத் தொடவில்லை, தயிர் சாதத்தை மட்டும் வாயின் இடது பக்கமாகவே ஒதுக்கி மென்றார். பல் மருத்துவரிடம் கூட்டிப் போனால் வலது பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தை, ஈறு வீங்கிப் பற்களை மூடியிருக்கிறது. வலிப்புக்குப் பல வருடங்களாகச் சாப்பிட்டு வரும் பெனிடாயின் மாத்திரை ஈறை இப்படி வளரவைக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டோம். பல்லைப் பிடுங்கிய பத்தாம் நாள் அடம் போய்விட்டது. கூட்டிய மாத்திரையைக் குறைக்கவைக்க மேலும் இரண்டு மாதம் அலைந்தோம்.

இதில் யாரும் அவரை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. பதிவேடு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. சொல்லத் தெரியாதவருக்கு வலி வந்தால் அது நடத்தையாகத்தான் வெளியே வரும். அதை ‘இவர்களுக்கு இதெல்லாம் சகஜம்’ என்று எடுத்துக்கொள்வது நல்ல மனம் உள்ளவர்களுக்கும் நடக்கிறது. நிர்வாகத்தோடு பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம்: யாருடைய நடத்தையாவது திடீரென்று மாறினால் முதலில் பல், காது, வயிறு, சிறுநீர் பார்க்க வேண்டும்; மனநல மாத்திரை பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். மலம் போன விவரத்தைக் குறிக்க ஒரு நோட்டும் போட்டிருக்கிறது. ஆரம்பத்தில் பணியாளர்கள் சிரித்தார்கள். இரண்டு பேருக்கு மலச்சிக்கல் முற்றுவதற்கு முன்பே தெரிந்த பிறகு சிரிப்பு நின்றது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை தைராய்டு பரிசோதனையும் உண்டு. அவர்களுக்கு மறதி நோய் நாற்பது, ஐம்பது வயதிலேயே வரக்கூடும் என்பதால், பழகிய வழி தடுமாறினால் உடனே சொல்லுங்கள்.

அடுத்தது, கொஞ்சம் சங்கடமான விஷயம்: பிறந்தநாள் சாப்பாடு. நன்கொடையாளர்கள் தரும் சாப்பாட்டை நம்பித்தான் மாதச் செலவு ஓடுகிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேசரி, பூந்தி, பாயசம் என்று வாரத்தில் மூன்று நாள் வந்தால் சர்க்கரை உள்ளவர்கள் என்ன ஆவார்கள்? அதைவிட, ஐம்பது வயது மனிதரை வரிசையில் நிற்க வைத்து, கைதட்டிப் பாடவைத்து, போட்டோ எடுத்து, ‘பாப்பா, அங்கிளுக்குத் தேங்க்ஸ் சொல்லு’ என்பதை இனி விடலாம். அந்த அங்கிளுக்கு முப்பது வயதுதான் இருக்கும். இனிப்புக்குப் பதில் பழம், சுண்டல் என்று பட்டியல் மாறியிருக்கிறது. போட்டோ நிற்கவில்லை. நம்மிலேயே சிலர் ‘கொடுக்கிறவங்க மனசு நோகக் கூடாது’ என்றார்கள். விவாதம் பாக்கி இருக்கிறது.

பெண்கள் பகுதியின் கதவை இரவில் வெளியே பூட்டும் வழக்கம் இருந்தது. பாதுகாப்புக்கு என்றார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை என்பதைச் செயற்குழுவில் நினைவுபடுத்தினோம். அது மனநோயாளிகளின் காப்பகம், இது வேறு என்று ஒரு உறுப்பினர் சொன்னார். தீக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இப்போது உள்தாழ்ப்பாள்தான், இரவுப் பணியாளரின் கட்டிலும் உள்ளேயே இருக்கிறது.

இரவுப் பணிக்கு ஆள் போதாது. ஆண்கள் பகுதி முழுவதற்கும் ஒருவர். அந்த ஒருவர் வலிப்பு வந்தவரைப் பார்ப்பதா, படுக்கையை நனைத்தவருக்குத் துணி மாற்றுவதா? இந்தச் சம்பளத்துக்கு இந்த வேலை செய்ய யாரும் நிலைப்பதில்லை. பதினோரு வருடம் இருந்த ஆயா ஒருவர் மகளின் பிரசவத்துக்குப் போனவர் திரும்பவில்லை. இரண்டு முறை முனகினால் பாத்ரூம், காதைப் பிடித்தால் தண்ணீர் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அதன் பிறகுதான் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு என்று ஏற்பாடு செய்தோம். எப்படிச் சாப்பிடுவார், எதில் புரையேறும், எதற்குப் பயப்படுவார், என்ன பாட்டுக்குத் தூங்குவார் என்று எழுதித் தரும்படி எல்லா வீடுகளுக்கும் கொடுத்தோம். பாதி நோட்டுகூடத் திரும்பவில்லை. இல்லத்தைக் கேள்வி கேட்கும் நாம் இதில் சொதப்பியிருக்கிறோம். என் நோட்டும் ஒரு மாதம் தாமதம், ஒப்புக்கொள்கிறேன்.

காகித வேலைகள்: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்று வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டால் பெற்றோர் தானாகச் சட்டப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் வங்கியில் போய் நின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே தேசிய அறக்கட்டளை தரும், ஒரு லட்சம் ரூபாய் வரை உள்ள நிரமயா மருத்துவக் காப்பீட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

கடைசியாக, வருகைப் பட்டியல். நாம் எல்லோரும் ஞாயிறு மாலையில்தான் போகிறோம். அப்போது எல்லோரும் குளித்து, பவுடர் போட்டு, வெளுத்த சட்டையில் உட்கார்ந்திருப்பார்கள். தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் நானும் துணைத் தலைவரும் சொல்லாமல் காலை ஆறரைக்குப் போனோம். குளியலறை வாசலில் எட்டுப் பேர் வரிசை, எல்லோருக்கும் ஒரே துண்டு. அன்றைக்கே பேசினோம். இப்போது ஆளுக்கொரு துண்டு, ஓரத்தில் ஆளுக்கொரு நிற நூல். காப்பாளர் கோபப்படவில்லை, ‘நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன் சார், நீங்க சொன்னாத்தான் துணி வாங்கித் தர்றாங்க’ என்றார்.

எனவே மாதம் இரண்டு முறை, காலையிலோ இரவு எட்டு மணிக்கு மேலோ, முன்கூட்டிச் சொல்லாமல் இரண்டிரண்டு பேராகப் போவது என்று நிர்வாகத்தின் சம்மதத்தோடு முடிவு செய்திருக்கிறோம். தங்கள் பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்கள் பெயர் கொடுக்க வேண்டாம். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி நிரம்பிவிட்டன. கார்த்திகைக்கு, மழைக்காலம் என்று யாரும் பெயர் எழுதவில்லை. கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க அந்த மாதம்தான் சரி. பட்டியல் வாசல் மேசையில், டீ டம்ளர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

செயலாளர்