மூச்சை எண்ணவும் மதிப்பெண் போடுங்கள்

அவசர மருத்துவ நுட்புநர் பயிற்சிக்குப் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும் தேர்வு நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். பல ஆண்டுகள் ஆம்புலன்ஸில் ஓடியவன் நான். இப்போது புதிய அவசர மருத்துவ நுட்புநர்கள் (இ.எம்.டி.கள்) எழுதும் கேஸ் ஷீட்டுகளைச் சரிபார்க்கிறேன். புரட்டப் புரட்ட ஒரே எண்தான் கண்ணில் படுகிறது: சுவாசம், நிமிடத்துக்கு 18. கணுக்கால் பிசகியவருக்கும் 18, நிமோனியாவில் மூச்சிறைப்பவருக்கும் 18. யாரும் எண்ணவில்லை. இயல்பு அளவு 12 முதல் 20 என்று படித்ததில் பாதுகாப்பான ஒன்றைப் பொறுக்கி எழுதிவிடுகிறார்கள். நானும் அப்படி எழுதியவன்தான், மறைப்பானேன்.

பல்ஸையும் பிரஷரையும் கருவி சொல்லிவிடும். மூச்சை மட்டும் பெரும்பாலும் நாமே பார்த்து எண்ண வேண்டியிருக்கிறது. அதனால்தான் அது விட்டுப்போகிறது. உடல் தடுமாறும்போது முதலில் மாறுகிறவற்றில் மூச்சும் ஒன்று. கிருமித்தொற்று முற்றும்போதோ, சர்க்கரை எகிறி ரத்தம் அமிலமாகும்போதோ, விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் ரத்தத்தில் ஆக்ஸிஜன் 98 விழுக்காடு என்றே காட்டிக்கொண்டிருக்கலாம். மார்போ நிமிடத்துக்கு 28 தடவை ஏறி இறங்கும். எண்ணுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்னால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். பல்ஸ் பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பைக் கவனிக்க வேண்டும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். மூச்சு சீராக இல்லையென்றால் முழு நிமிடம். இதைத் தேர்வில் செய்துகாட்டச் சொல்லி நான் பார்த்ததேயில்லை.

பிரஷரை மட்டும் நம்புவதும் ஆபத்து. திடமான இளைஞருக்கு 30 விழுக்காடு வரை ரத்தம் போனாலும் மேல் பிரஷர் விழாமல் நிற்கக்கூடும். அதற்குள் தோல் சில்லிட்டு வியர்த்திருக்கும், பல்ஸ் ஓடும், ஆள் காரணமில்லாமல் படபடப்பார். தொட்டுப் பார்த்த கைக்குத்தான் அது தெரியும்.

இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் சி.பி.ஆரை நன்றாகவே சொல்லித்தருகிறீர்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். குறை, மூச்சுக் கொடுக்க அமுக்கும் பையான ஆம்பு பேக்கைப் பிடிக்கும் கையில் இருக்கிறது. பதற்றத்தில் அந்தக் கை தன் நெஞ்சுத் துடிப்புக்கு ஏற்ப அமுக்கத் தொடங்கிவிடும். மூச்சுக்குழலில் குழாய் போட்டபின் 6 விநாடிக்கு ஒரு முறை, மார்பு லேசாக எழும்பும் அளவுக்கு அமுக்கினால் போதும். அதை மீறினால் மார்புக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. ஒருவர் அழுத்திச் சேர்த்ததை இன்னொருவர் ஊதிக் கெடுக்கிறார். பொம்மையின் மேல் பயிற்சி நடக்கும்போது, கடிகாரத்தோடு ஒருவர் இந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

ஒரு இரவு, வாய் குழறிக் கிடந்தவரைச் சுற்றி நின்றவர்கள் "குடித்திருக்கிறார்" என்றார்கள். நானும் நம்பினேன். பாதி வழியில் ஏதோ உறுத்த, விரலில் குத்திப் பார்த்தேன்: சர்க்கரை வெறும் 34. குளுக்கோமீட்டர் என் பையில்தான் இருந்தது. பக்கவாதம்போல் தெரிகிற கேஸிலும் இதே கதை நடக்கும். மயக்கம், உளறல், கைகால் வலுவிழப்பு எதுவானாலும் சர்க்கரை பார்ப்பது அனிச்சையாக வர வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை இது. செய்முறைத் தேர்வில் நோயாளியின் நிலையை நடுவில் சத்தமில்லாமல் மாற்றுங்கள். நிலை மோசமானவரை 5 நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி பார்க்க வேண்டும் என்பது எழுத்துத் தேர்வில் எல்லாருக்கும் தெரிந்த விடை; நிஜத்தில் திரும்பிப் பார்க்கிறாரா என்று பாருங்கள். கடைசியில் நோயாளியை ஒப்படைக்கச் சொல்லுங்கள், ஒரே நிமிடத்தில். பக்கவாதமென்றால் கடைசியாக நன்றாக இருந்த நேரம், ரத்தப்போக்கை நிறுத்த டூர்னிகெட் (இறுக்குப் பட்டை) கட்டியிருந்தால் கட்டிய நேரம், எண்ணிய மூச்சு. அந்த மூச்சு 18 என்று வந்தால், எப்படி எண்ணினீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஆம்புலன்ஸ்காரன்