ஈறு நோய் சோம்பேறிகளின் நோய் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில் வந்த ஈறு நோய்க் கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லாரும் படித்தோம். “ஒழுங்காகப் பல் துலக்காத சோம்பேறிகளைத்தான் இந்த நோய் பிடிக்கும், நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கிக்கொண்டால் அண்டவே அண்டாது” என்று அதில் ஒரு வரி. என் அக்கா ஒன்றும் பேசாமல் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். மறுநாள் இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் ஏதோ ஒரு கஷாய பாட்டிலை வாங்கி வந்து, “ஈறு சுத்தம் செய்யக் கொடுத்த அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப் போடலாமா?” என்று என்னிடம் கேட்டார். அதைக் கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அக்காவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் தவறாமல் பல் துலக்குவார். பல்லிடுக்குக்கென்று விற்கும் குட்டி பிரஷ்ஷையும் விடமாட்டார். அப்படியும் கீழ்வரிசைப் பற்கள் ஆடத் தொடங்கின. ஈறு நிபுணரிடம் நான்தான் கூட்டிப் போனேன். கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி, பல்லுக்கு ஆறு இடத்தில் ஆழம் பார்த்தார். அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் பதிந்துகொண்டே வந்தார்: மூன்று, இரண்டு, மூன்று, ஆறு, ஏழு. மூன்று மில்லிமீட்டர் வரை பரவாயில்லையாம். ஏழு என்று காதில் விழும்போதெல்லாம் நாற்காலியில் படுத்தபடியே அக்கா என்னைத் தேடிப் பார்த்தார். எக்ஸ்ரேயில் தாடை எலும்பு இறங்கியிருந்தது எனக்கே தெரிந்தது.

“நான் என்ன தப்பு செய்தேன், டாக்டர்?” என்று அக்கா கேட்டதற்கு அவர் பொறுமையாகச் சொன்ன பதில் உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பல்லில் படியும் கிருமிப் படலம்தான் இதைத் தொடங்கி வைக்கிறது. பல் துலக்குவது முக்கியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படலத்தை எதிர்க்க ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் ஈறில் வந்து குவிகின்றன. கிருமியை அழிக்க அவை வெளியிடும் நொதிகள், பல்லைப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் நார்களையும் சேர்த்து அரிக்கின்றன. அங்கே சுரக்கும் சைட்டோகைன்கள் என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதங்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைக் கிளப்பிவிடுகின்றன. ஈறுக்கடியில் படலம் இருக்கும்வரை இது ஓயாது. ஆக, எலும்பு போவதற்குப் பெரும் காரணம் நம் உடம்பின் சொந்த எதிர்ப்புதான். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் இந்த அழற்சி இன்னும் மூர்க்கமாகும். அழற்சி நீடித்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கஷ்டம். இதில் எதைப் பெருக்கச் சொல்கிறீர்கள்?

இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஆய்வு உங்களுக்குத் தெரியாததல்ல. நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும் 1970ல் 480 ஆண்களைக் கொண்டு தொடங்கி, 1986ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தத் தொழிலாளர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமும் கிடையாது, பல் மருத்துவமும் கிடையாது. எல்லாருக்கும் பல்லில் படலம், ஈறில் வீக்கம். ஆனாலும் சுமார் 8 விழுக்காட்டினருக்குத்தான் நோய் மளமளவென்று முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக வளர்ந்தது. மீதி 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. துலக்காததுதான் ஒரே காரணம் என்றால் இந்த 11 விழுக்காட்டினர் எப்படித் தப்பினார்கள்? அப்புறம், டாக்சிசைக்ளின் மருந்தைக் கிருமியைக் கொல்லப் போதாத 20 மில்லிகிராம் அளவில் கொடுத்து, உடம்பு சுரக்கும் நொதியை அடக்கும் சிகிச்சையும் உண்டு. சுத்தம் செய்வதோடு சேர்த்துத் தருவது அது. மருத்துவர்கள் அடக்கப் பார்ப்பதை உங்கள் கட்டுரை தூண்டிவிடச் சொல்கிறது.

சொல்ல வந்தபிறகு மற்றதையும் சொல்லிவிடுகிறேன். நீரிழிவுக்கு எதிரான போர் என்று 2016ல் அரசாங்கம் அறிவித்த நாளிலிருந்து உங்கள் பக்கத்தில் கால் புண், கண், சிறுநீரகம் எல்லாம் வந்துவிட்டன. ஈறு வந்ததாக எனக்கு நினைவில்லை. புகைபிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் அவ்வளவாகக் கசியாது, அதனால் நோய் முற்றும்வரை தெரியாது, என் கணவர் அப்படித்தான் கடைவாய்ப் பற்களை இழந்தார் என்று முன்பு ஒரு கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை. இடம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரமே எண்ணெய் கொப்பளிப்புக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். வருத்தமாக இருந்தது. கரித்தூளில் பல் தேய்க்கச் சொன்ன குறிப்பும் அதே பக்கத்தில்தான் வந்தது.

அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். அவர் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். உங்கள் பக்கத்தில் அச்சாகிவிட்டால் அவர்களுக்கு அது டாக்டர் வாயால் வந்த மாதிரி. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) கால் மரத்துப் போவதைச் சொல்கிறவர்கள், ஈறில் ரத்தம் வருவதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அவர்களைப் பார்த்துச் சோம்பேறி என்று எழுதினால் இன்னும் வாயை மூடிக்கொள்வார்களே, ஐயா! ஒரு விருந்தில் உறவுக்காரர் ஒருவர் அந்த வரியை வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா பந்தியில் உட்காராமலே கிளம்பிவிட்டார்.

அவருடைய அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப் போட நான் விடவில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் தடுக்க ஆள் இருக்காது. வருகிற ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள். சர்க்கரை நோயாளிகள் ஈறில் ரத்தம் கசிந்தாலோ பல் ஆடினாலோ கஷாயத்தை நம்பிக் காத்திருக்காமல் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அரசாங்கத்தின் மருத்துவக் கட்டண மானியத்துக்கான சாஸ் அட்டை இருந்தால் எடுத்துப் போக வேண்டும் என்று நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
ஈசூன், சிங்கப்பூர்